ஏமாந்தேன் என்பதற்கு இங்கிலீஷ்

குருவம்மாளைத் திருடி என்று முதலில் சொன்னவன் வாயை எதை வைத்து அடைக்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை உண்டு. அச்சில் ஏறாது, விடுங்கள்.

எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வாக்கில் சிலமலையிலிருந்து போடி வழியாக மேலே எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்பு என்னுடையது. எந்த எஸ்டேட் என்று கேட்காதீர்கள். இன்றைக்கும் அந்தப் பாதையில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. விடியும் முன்னே வண்டியில் ஏறுவார்கள் பொம்பளையாட்கள். மடியில் தூக்குச்சட்டி, தலைக்குச் சாக்கை மடித்துப் போட்ட கொங்காணி, வாயில் வெற்றிலை. மலையடிவாரத்து முந்தல் தாண்டுகிற வரை பேச்சும் சிரிப்புமாக வருவார்கள். கொண்டை ஊசி வளைவு ஆரம்பித்ததும் குளிர் அடிக்கும், பேச்சு நின்றுபோகும், ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்குவார்கள். குருவம்மாள் மட்டும் தூங்கமாட்டாள். என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, லாரி வருது, ஒதுங்குங்க" என்று எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வருவாள்.

ஏலக்காய் எடுக்கிற வேலையைப் பாயாசத்தில் மட்டும் ஏலக்காயைப் பார்த்தவர்களுக்கு எப்படிச் சொல்வது? செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும். காய் மட்டும் தூரில், மண்ணோடு மண்ணாகச் சரம்சரமாகக் கிடக்கும். நின்றும் எடுக்க முடியாது, சம்மணம் போட்டும் எடுக்க முடியாது. நாள் முழுக்கக் குந்தியபடியே செடிக்குச் செடி நகர வேண்டும். பிஞ்சில் கை வைத்தால் கங்காணி கத்துவான், முற்றியதை விட்டுவிட்டாலும் கத்துவான். சாரல் விடாது. காலில் புகையிலைத் தண்ணீரையும் சுண்ணாம்பையும் தேய்த்துக்கொண்டு போனாலும் அட்டை ஏறிவிடும். சாயங்காலம் காயை நிறுத்துப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தால், அங்கே இன்னொரு கூத்து. மடியை உதறு, கொசுவத்தை உதறு, தூக்குச்சட்டியைத் திற என்று வாட்ச்மேன் ஒவ்வொருத்தியையும் நிறுத்துவான். பதினோரு வருஷமாக உதறிக் காட்டிய மடி குருவம்மாளுடையது. ஒரு காய் விழுந்ததில்லை.

பச்சைக் காயைக் காயவைக்கிற இடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். கீழே விறகு எரியும், குழாயில் சூடு ஓடும், மேலே வலைத்தட்டில் காய் கிடந்து காயும். அதற்கு சூப்பர்வைசர் வெள்ளைத்துரை, போடிக்காரன். வாரம் முழுக்க மேலேயே தங்குவான், சனிக்கிழமை இறங்கித் திங்கட்கிழமை ஏறுவான். என் ஜீப்பில் முன் சீட்டு அவனுக்கு. வெள்ளை வேட்டி, கையில் ஒரு குடை, எல்லோரையும் "ஆத்தா, ஆத்தா" என்று கூப்பிடுகிற வாய். அந்த வாய்தான் எனக்கு ஆகாது.

ஆவணி மாதம் ஒரு நாள் சாயங்காலம். ஸ்டோர் வாசலில் குருவம்மாளைக் கூப்பிட்டு ஒரு துணிப்பையைக் கையில் கொடுத்திருக்கிறான்.

"ஆத்தா, இது கழிவுக் காய். என் மக சடங்குக்குப் பாயாசத்துல போட வேணும்னு வீட்டுல கேட்டாக. நான் அடுப்ப விட்டு நகர முடியல. போடியில எறங்கி எங்க வீட்டுல குடுத்துரு."

"கேட்டுல கேப்பாகளே, சூப்பர்வைசரே."

"மேனேஜர்ட்டச் சொல்லியாச்சு ஆத்தா. என் பேரச் சொல்லு, விட்டுருவாக."

நான் அப்போது பானட்டைத் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவன் கொடுத்ததை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதைக்கே சோலி இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் மேனேஜரே நின்றிருந்தார். ஸ்டோரில் காய் குறைகிறது என்று அன்றைக்கென்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. பையைப் பிரித்துக் கையில் கொட்டினார். கழிவாவது, வெங்காயமாவது! பச்சை மாறாத, கொழுத்த, முதல் தரக் காய்.

வெள்ளைத்துரையைக் கூப்பிட்டார்கள். குடையைச் சுற்றிக்கொண்டே வந்தான்.

"நான் எதுக்கு சார் குடுக்கப் போறேன்? ரெண்டு நாளா ஸ்டோர்ப் பக்கமே சுத்திக்கிட்டுத் திரிஞ்சா. அப்பவே நெனச்சேன்."

"ஏ பாவி!" என்று குருவம்மாள் போட்ட சத்தத்தில் வண்டியில் ஏறியிருந்தவர்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். "ஒன் மக சடங்குக்குன்னு சொல்லித்தானடா குடுத்த? ஒன் மக மேல சத்தியம் பண்ணு!"

அவன் பண்ணவில்லை. மேனேஜர் கையை உயர்த்தினார். மலையாளத்துக்காரர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் கத்துகிறவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கிற ஆள்.

"இது களவாணு. நாளெ முதல் வேலைக்கு வரண்டா. உனக்கு ஏதாச்சும் பறையணுமெங்கில் எழுதிக் கொண்டா. இங்கிலீஷில். கொச்சியில் இருக்கிற முதலாளிக்குத் தமிழ் வாசிக்க அறியில்லா. வெள்ளிக்கிழமை அவர் வரும்."

அன்று ராத்திரிக்குள் சிலமலை முழுக்கச் சேதி போய்விட்டது. 'ஏலக்காய் திருடி' என்று குழாயடியில் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அதை நான்கு பேர் கேட்டு நாற்பது பேரிடம் சொல்லியிருக்கிறார்கள். குருவம்மாளுக்கு ஒரே மகள், பொன்னுமணி. தேவாரத்தில் மாப்பிள்ளை பேசி முடித்து, தை மாதம் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள். திருடி மகளை எவன் கட்டுவான்? அந்தப் பேர் போக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. வேலை அப்புறம்.

மறுநாள் காலையில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது முந்தின நாள் ராத்திரி கிண்டிய கேப்பைக் களி சட்டியோடு அப்படியே கிடந்தது. புருஷன் அமாவாசை வாசலில் உட்கார்ந்து கலப்பைக் கொழுவைத் தட்டுகிறேன் என்று கல்லைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் தம்பி பேச்சிமுத்து எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன். போடியில் டைப் படித்துக்கொண்டிருந்தான். அந்தக் குடும்பத்தில் இங்கிலீஷ் என்றால் அவன்தான். மடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருந்தான்.

"சொல்லுங்க மதினி. என்ன எழுதணும்?"

"என்னத்தச் சொல்ல? அந்த நாறப்பய குடுத்தான். நம்பி வாங்கிட்டு வந்தேன். நான் ஏமாந்துட்டேன். அதேன். ஏமாந்துட்டேன்னு எழுது."

"அவ்வளவுதானா?"

"அதுக்கு மேல என்ன இருக்கு? நான் களவாங்கல, ஏமாந்துட்டேன்."

பேச்சிமுத்து நெற்றியைச் சுருக்கினான், எழுதினான், அடித்தான், மறுபடி எழுதினான். போடிக்குப் போய் டைப் அடித்து எடுத்துக்கொண்டு வந்தான். தாளைப் பார்க்கவே அழகாக இருந்தது. குருவம்மாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். நாக்கைத் துருத்திக்கொண்டு, கோணாமல் போட்டாள்.

அடுத்த நாள் நான்தான் அவளையும் பேச்சிமுத்தையும் மேலே கூட்டிக்கொண்டு போனேன். மேனேஜர் தாளை வாங்கினார். கண்ணாடியை மாட்டிப் படித்தார். மறுபடி படித்தார். வெள்ளைத்துரை கதவோரம் நின்றுகொண்டிருந்தான்.

"இது ஆரா எழுதியது?"

"நாந்தேன் சார்" என்றான் பேச்சிமுத்து, நெஞ்சை நிமிர்த்தி.

"இதில் என்ன உண்டு, அறியுமோ? 'ஐ சீட்டட்.' நான் ஏமாத்தினேன்! குருவம்மா, நீயே சம்மதிச்சுக் கையெழுத்தும் போட்டு. பின்னே எனக்கு இங்க என்ன பணி?"

குருவம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. பேச்சிமுத்துவைப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. வெள்ளைத்துரை சிரித்தான். சத்தம் போட்டுச் சிரித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. வாயைப் பொத்திக்கொண்டு, மேனேஜருக்கு மரியாதையாகச் சிரித்தான்.

"மனசாட்சி உறுத்தியிருக்கும் சார், அதேன் உள்ளத எழுதிட்டா" என்றான்.

"நான் ஏமாந்தேன்னுதானய்யா சொன்னேன்! ஏமாத்துனேன்னு எப்பச் சொன்னேன்?"

"காகிதத்தில் அதாணு உள்ளது" என்று மேனேஜர் தாளை ஃபைலில் வைத்தார். "வெள்ளிக்கிழமை முதலாளி இதை வாசிக்கும். வேற ஒண்ணு வேணுமெங்கில் அதுக்குள்ள கொண்டா."

இறங்கும்போது முந்தலில் டீ வாங்கிக் கொடுத்தேன், ரெண்டு பேரும் குடிக்கவில்லை. வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், அமாவாசை எழுந்து தம்பி கன்னத்தில் ஒன்று விட்டான்.

"படிச்சுக் கிழிச்ச லட்சணம் இதாடா? நாங்க வெயில்ல காஞ்சு ஒன்னயப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனது, ஒன் மதினியக் களவாணின்னு எழுதித்தரவா? கையெழுத்து வேற வாங்கிக் குடுத்திருக்க!"

"அண்ணே, செத்த கேளுண்ணே…"

"என்னத்தடா கேக்கணும்?"

"ஓடினேன்னா 'ரேன்'. விழுந்தேன்னா 'ஃபெல்'. ஏமாந்தேன்னா 'சீட்டட்'டுன்னு நெனச்சுட்டேண்ணே. நம்ம பாஷையில ஏமாந்தேன்னு ஒத்த வார்த்தையில சொல்றமா இல்லையா? இங்கிலீஷ்ல ஏமாறுறதுக்குன்னு தனியா வார்த்தை இல்லண்ணே. ஏமாத்துறதுக்குத்தான் இருக்கு."

அமாவாசைக்கு இது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. "ஏமாறுறதுக்கு வார்த்தை இல்லாத பாஷையாடா? நல்ல பாஷைடா! அவங்க ஏன் ஏமாறப் போறாங்க? ஏமாத்தத்தான வந்தாங்க!"

பேச்சிமுத்து அழுதான். மீசை முளைத்த பையன் அப்படி அழுததை நான் பார்த்ததில்லை. குருவம்மாள் அவனைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. கொடியில் கிடந்த சேலையை எடுத்து உதறிக் கட்டினாள்.

"கெளம்பு. இந்த இங்கிலீஷ ஒழுங்கா எழுதுறவன் போடியில ஒருத்தன் இல்லாமலா போவான்?"

டைப் சொல்லிக்கொடுக்கிற சோணை மாஸ்டரிடம் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடி. கீழே காப்பி அரைக்கிற கடை, மேலே பத்து மெஷின் ஒன்றாக அடிக்கிற சத்தம். அவர் பேச்சிமுத்து வைத்திருந்த கார்பன் நகலைப் பார்த்தார். பேச்சிமுத்துவைப் பார்த்தார். தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏண்டா, ஒரு 'வாஸ்' போட்டிருக்கக் கூடாதா? 'ஐ வாஸ் சீட்டட்.' அவ்வளவுதானடா! ஒத்த வாஸ் இல்லாம ஒரு பொம்பளையக் களவாணியாக்கிட்டியே."

அவரே புதுத்தாள் மாட்டி, டக்டக்கென்று அடித்து, உருவிக் கொடுத்தார். "இந்தாம்மா. இது சரி. எவன் படிச்சாலும் குத்தம் சொல்ல முடியாது. போட்டுக் குடு கையெழுத்த."

குருவம்மாள் பேனாவை வாங்கவில்லை.

"இதுல என்ன எழுதியிருக்கு? தமிழ்ல சொல்லுங்க."

"நான் ஏமாற்றப்பட்டேன்."

"யாரு ஏமாத்துனா?"

"அது இதுல இல்லம்மா. தேவையில்ல. அது இல்லாமலே வாக்கியம் நிக்கும். இலக்கணப்படி சரி."

"அவன் இல்லாமலே சரியாயிருச்சா?"

மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. படிக்கிற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சோணை மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரும்மா. பேரப் போட்டா வம்பு. வெள்ளைத்துரை சொந்தபந்தம் எல்லாம் போடியில பெரிய ஆளுக. மான நஷ்டம்னு கோர்ட்டுக்கு இழுப்பாங்க. இப்படி எழுதுனா யாருக்கும் சேதாரம் இல்ல. ஒன் வேலையும் கெடைக்கும்."

"யாருக்கும் சேதாரம் இல்லையா? என் மக கல்யாணம் நிக்கப் போகுது, சேதாரம் இல்லையாம்ல!" என்றாள் குருவம்மாள். "மொதக் காகிதத்துலயும் நாந்தேன் முன்னால நின்னேன். இதுலயும் நாந்தேன் நிக்கிறேன். நான் என்னய்யா பண்ணேன்? பண்ணவன் எங்க? ரெண்டுலயும் அவனக் காணமே! சரின்னா என்ன, தப்புன்னா என்ன, அவன் தப்பிச்சுத்தான போறான்? ஏப்பா பேச்சிமுத்து, எந்திரி. நீ அடி."

"நானா மதினி? மறுபடியுமா?"

"நீதேன். அவன் பேருல ஆரம்பி. அவன் என்ன செஞ்சான்னு போடு. அப்புறம் கடைசியில என்னயப் போடு."

பேச்சிமுத்து மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தான். மாஸ்டர் தடுக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, தேடித்தேடி அடித்தான். 'வெள்ளைத்துரை சீட்டட் மீ.' அதற்குக் கீழே பையைக் கொடுத்தது, மகள் சடங்கு என்று சொன்னது, எல்லாம் வந்தது. மாஸ்டர் வாங்கிப் படித்துவிட்டு, "தப்பு இல்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாளி ஸ்டோர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாரல் தூறிக்கொண்டிருந்தது. பொம்பளையாட்கள் காய்க்கூடையோடு எடை போட வரிசையில் நின்றார்கள். குருவம்மாள் நேராகப் போய்த் தாளை நீட்டினாள். அவர் வாங்கி, மேனேஜருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தார்.

"வெள்ளைத்துரை சீட்டட் மீ."

வரிசையில் இருந்த பேச்சு நின்றது. இங்கிலீஷ் தெரியாதுதான். வெள்ளைத்துரை என்பது தெரியுமே. அவன் முகம் கறுத்ததும் தெரிந்தது. ஒருத்தி அடுத்தவள் காதில், "என்னடி அது, சீட்டட்மீ?" என்று கேட்டாள். "அவன் செஞ்ச வேலைக்குப் பேரு போல" என்றாள் மற்றவள்.

முதலாளி ரெண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மனுஷன் முட்டாள் இல்லை. யார் என்ன செய்தார்கள் என்று அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஆனால் காயைப் பதமாகக் காயவைக்கத் தெரிந்த சூப்பர்வைசர் மலையில் எளிதில் கிடைக்கமாட்டான். காயெடுக்கிற பொம்பளை நூறு பேர் கிடைப்பார்கள்.

"நோக்கு, குருவம்மா. உன்னைப் பத்தி நல்லதாத்தான் எல்லாரும் பறையுது. இந்தப் பேரை மட்டும் அடிச்சிடு. தெரியாம நடந்துபோச்சுன்னு வைக்கலாம். திங்கட்கிழமை வேலைக்கு வா."

குருவம்மாள் கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பேர அடிச்சா அதுல மிச்சம் என்னப்பா இருக்கும்?"

"'சீட்டட் மீ'ன்னு இருக்கும் மதினி. என்னை ஏமாத்துச்சுன்னு."

"எது? மழையா? மலையா? எது ஏமாத்துச்சு?"

குருவம்மாள் முதலாளி பக்கம் திரும்பினாள்.

"பேர அடிக்க முடியாது முதலாளி. பதினோரு வருசமா ஒங்க வாசல்ல மடிய ஒதறிக் காட்டுனவ நான். அவன் மடிய ஒரு நாளு ஒதறச் சொல்லியிருப்பீகளா? வேலை வேணாம். அந்தக் காகிதம் அப்படியே இருக்கட்டும்."

"நல்லா ஆலோசிச்சுச் சொல்லு."

"ஆலோசிக்க என்ன இருக்கு? களவாண்டவன் கூட ஒங்களுக்கு ஒத்துப்போகுது. எனக்கு ஆகாது." திரும்பி நடந்தவள் வெள்ளைத்துரைக்கு நேராக வந்ததும் நின்றாள். "ஒன் மக சடங்குக்கு நானே வந்து சீர் செஞ்சிருப்பேனேடா, பாவிப்பயலே" என்றாள். அவன் குடைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வேலை போய்விட்டது. சிலமலையில் அமாவாசையிடம் இதைச் சொன்னபோது அவன் கையிலிருந்த கொழுவைக் கீழே வைத்தான். பிறகு, "பேர அடிச்சிட்டு வந்திருந்தா நான் ஒன்னய அடிச்சிருப்பேன்" என்றான். அந்த ஆளுக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் உள்ளே போய்க் களியைச் சுடவைத்தாள். கருவாட்டுக் குழம்பை ஊற்றி எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். மூன்று நாளைக்கு அப்புறம் அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை விடியற்காலை. குருவம்மாள் தோளில் களைவெட்டியோடு சிலமலைத் தோட்டத்துப் பக்கம் வெங்காயக் களைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வண்டியில் இருந்த பொம்பளைகள் கையை ஆட்டினார்கள். அவளும் ஆட்டினாள். போடி பஸ் ஸ்டாண்டில் வெள்ளைத்துரை வழக்கம் போலக் குடையோடு நின்றான். என் முன் சீட்டு காலி. அவன் படியில் காலை வைத்தான். எஸ்டேட் வாடகை போனால் போகட்டும், மூஞ்சிக்கு நேராக நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று நான் வாயைத் திறந்தேன். அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. பின்னால், இருட்டுக்குள்ளிருந்து காயெடுக்கிற பொம்பளைகளில் ஒருத்தி, அய்யம்மாள், குரல் கொடுத்தாள்.

"அண்ணே, சீட்டட்மீக்கு எடம் இல்ல. வண்டிய எடுங்க."

வண்டி முழுக்கச் சிரித்தது. அவன் காலை எடுத்துக்கொண்டான். போடியிலிருந்து போடிமெட்டு வரை, தை மாதம் பொன்னுமணி வாக்கப்பட்டுப் போன தேவாரம் வரை, இன்றைக்கும் அவனுக்கு அதுதான் பெயர்.